கச்சான் காற்றும் கிராபிக்ஸ் கார்ட்டும்

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் திருகோணமலைவாசிகளின் பாடு சொல்லுந் தரமன்று. தென்மேற்குப் பருவக் காற்றானது தன்னிடமுள்ள மழையை எல்லாம் மலைநாட்டிலே கொட்டித் தீர்த்துவிட்டு, நம் கீழைக் கரைக்கு வரும்போது வெறும் அனலையே சுமந்துகொண்டு வருகிறது. உட்துறைமுகத்து நீர்ப்பரப்பு கண் கூசும்படி பளபளக்கும். உவர்மலை மேட்டில் இருப்போருக்கு மாலையிலாவது சற்று ஆறுதல் உண்டு. தகரக் கூரை வேய்ந்த வீடுகளிலோ இரவு பத்து மணிக்குச் சுவரைத் தொட்டாலும் சுடும். இத்தகைய பிற்பகல் ஒன்றிலேதான் என் தமக்கையின் மகன் தன் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, அதன் வேகத்தைக் கூட்டித் தரவேண்டும் என்று கேட்டான்.

விஷயம் இதுதான். விளையாட்டைத் தொடங்கிய முதற் பத்து நிமிடம் படம் ஆற்றொழுக்காக ஓடுகிறதாம். பிறகு விட்டு விட்டு இழுக்கிறதாம். கிராபிக்ஸ் கார்ட்டை ‘ஓவர்குளொக்’ செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். பின்னாலேயே வந்த தமக்கையார், “தம்பி, அது எரிஞ்சு போனால் ஆர் வாங்கித் தாறது? அவன்ரை படிப்பும் அதுக்குள்ளதானே கிடக்குது” என்றார்.

நியாயமான கேள்வி. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், இரண்டே மாதங்களில் 360 ரூபாவை எட்டியதை நம் நாட்டுக் குடும்பங்கள் மறந்துவிடவில்லை. கணினி போன்ற இறக்குமதிப் பொருளின் விலை அன்று ஏறிய ஏற்றம் இன்னும் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அன்றியும், மேசைக் கணினியிலே கிராபிக்ஸ் கார்ட் பழுதானால் அதை மாத்திரம் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம். மடிக்கணினியிலோ அந்தச் சிப்பானது பெரும்பாலும் தாய்ப்பலகையோடு பற்றாசு வைத்து ஒட்டப்பட்டிருக்கிறது. அது போனால் பலகையையே மாற்ற நேரிடும். ‘கார்ட்’ என்று நாம் சொல்வது வெறும் வாய்ப்பழக்கமே.

ஓவர்குளொக்கிங் என்பது யாது? கணினிச் சிப் ஒவ்வொன்றும் ஒரு தாளத்துக்கு இயங்குகிறது. வள்ளத்திலே துடுப்பு வலிப்போர் ஒருவன் போடும் ஓசைக்குச் சேர்ந்து வலிப்பதைப் போல, சிப்பினுள் உள்ள கோடிக்கணக்கான டிரான்சிஸ்ரர்கள் ஒரே துடிப்புக்குத் தம் வேலையைச் செய்கின்றன. 1,500 மெகாஹேர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 150 கோடித் துடிப்புகள். பள்ளிப் புத்தகத்தில் மாணவர்கள் மீடிறன் என்று படிப்பது இதனையே. ஒரே அச்சில் வார்த்த இரண்டு சிப்கள்கூட முற்றிலும் ஒன்றாக அமைவதில்லை. ஆகவே, தயாரிப்பவர்கள் மிகவும் மந்தமான சிப்பும் தாங்கக்கூடிய அளவையே எல்லாவற்றுக்கும் விதித்து, சிறிது மிச்சம் வைக்கிறார்கள். அந்த மிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்வதே ஓவர்குளொக்கிங்.

இக்கலைக்குப் பழைய புகழ் ஒன்று உண்டு. 1998ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட செலரோன் 300ஏ என்னும் மலிவு விலைச் சிப், 300 மெகாஹேர்ட்ஸில் ஓடுவதற்கென விற்கப்பட்டது. பலகையின் பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹேர்ட்ஸுக்கு மாற்றியவுடன், அவற்றுட் பல, சற்றும் முனகாமல் 450 மெகாஹேர்ட்ஸில் ஓடின. விலை உயர்ந்த சிப்பின் வேகம் ஏழை மாணவனின் கைக்கு வந்தது. இன்றைக்கும் ஓவர்குளொக்கிங் என்றால் பையன்களின் கண் பளிச்சிடுவதற்கு இத்தகைய கதைகளே காரணம்.

ஆனால், அந்தக் கதையை மடிக்கணினிக்கு அப்படியே பொருத்துதல் தவறு. 2012ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் ஜி.ரி.எக்ஸ். 680 கார்ட்டுடன் ‘பூஸ்ற்’ என்னும் முறையைக் கொண்டுவந்தது. அது முதல், சூடும் வலுவும் இடங்கொடுக்கும் வரையில் சிப் தானாகவே தன் வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. சூடு மிஞ்சினால் தானாகவே இறக்கிக்கொள்கிறது. என் மருமகனின் கணினியில் நேர்ந்ததும் அதுவே. எம்.எஸ்.ஐ. அஃப்ரர்பேர்னர் என்னும் இலவச மென்பொருளை நிறுவி, விளையாட்டு ஓடும்போது அளவுகளைப் பார்த்தோம். தொடக்கத்தில் 1,700 மெகாஹேர்ட்ஸ். வெப்பநிலை 87 பாகை செல்சியஸை எட்டியதும் வேகம் படிப்படியாக இறங்கி 1,350இல் வந்து நின்றது. ஐந்தில் ஒரு பங்கு வேகம் சூட்டிலே கரைந்துவிட்டது! இந்த நிலையில் இருக்கும் யந்திரத்துக்கு இன்னும் நூறு மெகாஹேர்ட்ஸ் கூட்டிக் கொடுத்தால் என்ன பயன்? களைத்து விழும் காளையைத் தாற்றுக்கோலால் குத்துவதற்கு ஒப்பாகும்.

இணையத்திலே கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டார் எழுதியவை. அவர்கள் அறையின் வெப்பம் 20 பாகையளவில் இருக்கும். விசிறியின் வேகமும் செலவாகும் வலுவும் மாறாதிருக்கையில், அறையின் சூடு ஒரு பாகை ஏறினால் சிப்பின் சூடும் ஏறத்தாழ ஒரு பாகை ஏறும். நுவரெலியாவில் 18 பாகை அறையில் 70 பாகையில் ஓடும் சிப், திருகோணமலையில் 34 பாகை அறையில் 86 பாகையில் ஓடும். யந்திரம் ஒன்றே, ஊர்தான் வேறு. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் வாளியால் அள்ளி ஊற்றி, இது கூடச் சூடு, அது குறைவு என்று தோலாலேயே தரம் பிரிக்கும் ஊரார் நாம். கணினி விஷயத்தில் மட்டும் கையை வைத்துப் பார்ப்பது போதாது, அளவியைப் பார்க்கவேண்டும்.

நம் துறைமுகத்துக்கு வரும் பெருங்கப்பலின் யந்திரத்தைக் குளிர்விக்கக் கடல் முழுவதும் காத்திருக்கிறது. மடிக்கணினிக்கு வாய்த்திருப்பவை இரண்டொரு செப்புக் குழாய்களும், உள்ளங்கையளவு விசிறிகளும், விரல் நுழையாத துவாரங்களுமே. அவற்றையும் நம் பிள்ளைகள் மெத்தையின் மேல் வைத்து அடைத்துவிடுகிறார்கள்.

2015ஆம் ஆண்டு பெப்ரவரியில் நடந்த ஒரு வழக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. மடிக்கணினிகளின் கிராபிக்ஸ் சிப்களை ஓவர்குளொக் செய்ய இயலாதபடி என்விடியா தன் டிரைவர் மென்பொருளிலே பூட்டுப் போட்டது. அவை அதற்கென அமைக்கப்பட்டவையல்ல என்பது கம்பனியின் கட்சி. காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தெழுந்தனர். கம்பனி பணிந்து, அடுத்த மாத டிரைவரில் பூட்டைத் திறப்பதாக அறிவித்தது. என் மனத்துக்கு இரு கட்சியும் சரியாகவே படுகிறது. பொருள் வாங்கியவனுக்கு உரிமை உண்டு. ஆயினும் கம்பனி சுட்டிய அபாயம் பொய்யன்று.

முதல் நாள் நாங்கள் வேகத்தைத் தொடவேயில்லை. கணினியின் பின்பக்கத்து இரு மூலைகளிலும் போத்தல் மூடிகளை வைத்து உயர்த்தினோம். மெத்தைக்கு விடை கொடுத்து மேசைக்கு மாற்றினோம். உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டபடியால், திருத்தும் கடையொன்றிற் கொடுத்து அடிமூடியைத் திறந்து துப்புரவு செய்வித்தோம். கடற்கரை ஊரின் உப்புக் கசிவும் தூசியும் சேர்ந்து, விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் இடையிலே கம்பளித் துண்டு போலப் படிந்து கிடந்தது. (காற்றை ஊதித் துப்புரவு செய்வோர் விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும்.) காய்ந்து போயிருந்த தேர்மல் பேஸ்ற்றையும் மாற்றினார்கள். திரை விநாடிக்கு 60 பிரேம்களே காட்டவல்லது. ஆதலால் விளையாட்டின் அமைப்பிலும் 60க்கு வரம்பிட்டோம். காட்டமுடியாத படங்களை வரைவதற்குச் சூட்டை உண்டாக்குவானேன்? இவ்வளவுக்குப் பின் வெப்பநிலை 81 பாகை. வேகம் 1,550க்குக் கீழே இறங்கவில்லை.

இனித்தான் நுட்பமான பகுதி. உயர்தரத்தில் பௌதிகம் படிப்போர் சற்றுக் கவனிக்க. சிப் தொழிற்படுகையில் செலவாகும் வலுவின் பெரும்பகுதி, மீடிறனுக்கும் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் விகிதசமமானது. மீடிறனை மாத்திரம் 5 சதவீதம் கூட்டினால் அப்பகுதியும் 5 சதவீதமே கூடும். அதைத் தாங்குவதற்கு வோல்ற்றளவையும் 5 சதவீதம் கூட்ட நேர்ந்தால், வலு 16 சதவீதமளவில் ஏறிவிடும். மறுபுறத்தில், மீடிறனைத் தொடாமல் வோல்ற்றளவை ஒன்றிலிருந்து 0.9ஆகக் குறைத்தால் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு மிச்சமாகும். அந்த மிச்சம் அத்தனையும் சூடாக வெளிவராமற் போகும். ஆகவே, வெப்பநாட்டு மடிக்கணினிக்கு உகந்த வழி வோல்ற்றளவைக் குறைப்பதே. உண்மையில் இதுவும் ஓவர்குளொக்கிங்தான். கொடுத்த வோல்ற்றளவுக்கு, தயாரித்தவர் விதித்ததைவிடக் கூடிய மீடிறனைச் சிப்பிடம் கேட்கிறோம்.

அஃப்ரர்பேர்னரில் கொன்ற்ரோல் விசையுடன் ‘எஃப்’ விசையை அழுத்தினால், ஒவ்வொரு வோல்ற்றளவுக்கும் உரிய மீடிறனைக் காட்டும் வளைகோடு தோன்றும். 850 மில்லிவோல்ற்றுக்குரிய புள்ளியை 1,650 மெகாஹேர்ட்ஸுக்கு உயர்த்தி, அதற்கு வலப்புறத்தில் உள்ளவற்றை மட்டமாக்கினோம். எங்கள் சிப் அதைத் தாங்கியது. வேறொரு சிப்புக்கு 900 வேண்டியிருக்கலாம். இந்த எண்களை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வெப்பநிலை 75 பாகைக்கு வந்தது. அரை மணி நேரம் ஆடியும் 1,650 அசையவில்லை. படம் இழுப்பதும் நின்றது.

அதற்குப் பின்னரே, பையனின் ஆசைக்காக, 25 மெகாஹேர்ட்ஸாகக் கூட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு படிக்கும் அரை மணி நேரம் மெய்யான விளையாட்டையே ஆடிச் சோதித்தல் வேண்டும். 3டி மார்க் என்னும் சோதனை மென்பொருள் இருந்தால், ஒரே காட்சியை 20 முறை ஓட்டி, பிரேம் வேகம் 97 சதவீதமாவது நிலைத்து நிற்கிறதா என்று அது சொல்லும். எல்லை மீறினால் சிப் குறிகாட்டத் தவறாது. திரையிலே நிறப் புள்ளிகள் மின்னும். சுவரும் மரமும் முக்கோணங்களாகக் கிழியும். அல்லது திரை ஒருகணம் இருண்டு மீளும். கிராபிக்ஸ் சிப் இரண்டு விநாடிக்குப் பதில் சொல்லாவிட்டால், விண்டோஸ் அதன் டிரைவரை மீளத் தொடக்குவதால் வரும் இருள் அது. எங்களுக்கு 1,750இல் புள்ளிகள் தோன்றின. ஆகவே 1,700க்குத் திரும்பி வந்தோம். நினைவகத்தின் வேகத்தைக் கூட்டுவோர் இன்னொன்றையும் அறியவேண்டும். புதிய நினைவகங்கள் பிழையைத் தாமே கண்டு தரவை மறுபடியும் அனுப்பக்கூடியவை. எனவே அளவு மீறினாலும் திரையில் பழுது தெரியாது. வேகம் மாத்திரம் குறையும். எண்ணைக் கூட்டியும் பிரேம் குறைந்தால், அங்கேயே கையை எடுத்துவிடுக.

மென்பொருளால் செய்த மாற்றம் கணினியை அணைத்து ஏற்றினால் மறைந்துவிடும். இது பெரிய பாதுகாப்பு. ஆதலால் பல நாள் சோதித்துத் திருப்தி கொள்ளும்வரை ‘விண்டோஸ் தொடங்கும்போது’ என்னும் பெட்டியில் அடையாளமிடக் கூடாது. சிப்பின் பயோஸையே மாற்றி எழுதச் சொல்லும் ஆலோசனையை அடியோடு தள்ளிவிடவேண்டும். அது பிழைத்தால் மீள்வது கடினம். பெயரறியாத மலிவுச் சார்ஜர்களும் ஆகா. லிதியம் பற்றரி சூட்டிலே விரைந்து முதுமை அடைகிறது. விசைப்பலகையோ தொடுபலகையோ உப்பி எழுந்தால் பற்றரி வீங்கிவிட்டது என்று பொருள். விளையாட்டு இருக்கட்டும், கணினியையே உடனே நிறுத்திக் கடைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

புதிதாக வாங்க இருப்போருக்கும் ஒரு சொல். ஆர்.ரி.எக்ஸ். 4060 என்று ஒரே பெயர் ஒட்டிய மடிக்கணினிச் சிப், தயாரிப்பவரின் விருப்பப்படி 35 வாற்று முதல் 115 வாற்று வரை எவ்வளவு வலுவுக்கும் அமைக்கப்படலாம். இந்த இடைவெளியை எந்த ஓவர்குளொக்கிங்கும் நிரப்பாது. கடையிலே பெயரைக் கேட்பதோடு நில்லாமல், எத்தனை வாற்று என்றும் கேளுங்கள்.

அஃப்ரர்பேர்னரில் அமைப்புகளைச் சேமித்து வைக்க ஐந்து இலக்கங்கள் உண்டு. மருமகன் அவற்றுள் மூன்றை நிரப்பிவிட்டான். முதலாவது, தொழிற்சாலையில் வந்தபடியே உள்ளது. ஒப்படைகள் எழுதும்போது கணினி இடையில் நின்று எழுதியது அழிந்துவிடக் கூடாது என்று தமக்கையார் விதித்த நிபந்தனை அது. இரண்டாவது, கச்சானுக்கு: 850 மில்லிவோல்ற், 1,650. மூன்றாவதில் 1,700 இருக்கிறது. ஐப்பசி மழை விழுந்து அறை 27 பாகைக்கு வந்த பிறகு திறப்பதாக ஏற்பாடு.