எழுத்து அதே, ஹரகத்துதான் வேறு: தடுப்பூசி மரபணுவை மாற்றுகிறதா?

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, ஓர் இளம் தகப்பனார் என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார்: "ஹஜ்ரத், தடுப்பூசி போட்டா மரபணுவே மாறிடும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. அல்லாஹ் படைச்சதை மாத்துறது கூடாதுல்ல? பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி போடுற தேதி வந்துடுச்சு. போடவா, வேணாமா?"

நல்ல கேள்விதான். ஆனால் ஒரு விஷயத்துக்கு ஹுக்மு சொல்வதற்கு முன், அந்த விஷயம் என்னவென்று சரியாக விளங்கியிருக்க வேண்டும் என்பது மதரஸாவில் முதலில் கற்கும் பாடம். எனவே, ஊசி போட்டபின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

ஒருமுறை வந்தால் மறுமுறை வராது

அம்மை ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் மறுபடி வருவதில்லை. பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்து விளக்கித் தனி நூல் எழுதிய இமாம் அபூபக்ர் அர்ராஸி, சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே இதற்குக் காரணம் தேடினார். சிறுவயது இரத்தம் பொங்கிப் பக்குவப்படும்போது அம்மை வருகிறது, பக்குவப்பட்டபின் வருவதில்லை என்றார். காரணம் தவறு என்றாலும் அவர் கண்ட உண்மை சரியானது.

1846-ல் அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியது. சுமார் 7,800 பேரில் ஏறக்குறைய 6,000 பேர் படுத்தார்கள். அதற்கு முன் அங்கே அந்த நோய் வந்தது 1781-ல். அப்போது நோயுற்றுப் பிழைத்த முதியவர்களை 65 ஆண்டுகள் கழித்தும் அது தொடவில்லை என்று, நேரில் ஆய்வு செய்த டென்மார்க் மருத்துவர் பானம் பதிவு செய்தார். இடையில் ஒருமுறைகூடப் பார்க்காத கிருமியை உடல் மறக்கவில்லை. இந்த நினைவு எங்கே இருக்கிறது?

மூன்று எழுத்து, பல சொற்கள்

நம் உடலின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் ஒரே டி.என்.ஏ. தான் இருக்கிறது. அதில் புரதம் செய்வதற்கான மரபணுக்கள் சுமார் 20,000. ஆனால் கண்ணின் செல் கண்ணாகவும், ஈரலின் செல் ஈரலாகவும் வேலை செய்கிறது. எந்த மரபணு வாசிக்கப்படுகிறது, எது மூடி வைக்கப்படுகிறது என்பதே வேறுபாடு.

அரபி ஓதத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். காஃப், தா, பா என்று மூன்று எழுத்துகள். ஒரு விதமாக ஹரகத் இட்டால் 'கதப', எழுதினான். வேறு விதமாக இட்டால் 'குதிப', எழுதப்பட்டது. இன்னொரு விதத்தில் 'குதுப்', நூல்கள். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. வாசிப்புதான் மாறியது.

டி.என்.ஏ. மீதும் இப்படிக் குறிகள் உண்டு. 'மெத்தில்' என்ற சிறு வேதிக் குறி ஒரு மரபணுவின் மீது அமர்ந்தால், பொதுவாக அது மூடப்படும். டி.என்.ஏ. நூல் ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றப்பட்டிருக்கிறது. சுற்று இறுகினால் அந்தப் பகுதியை வாசிக்க முடியாது, தளர்ந்தால் வாசிக்கலாம்.

நினைவு செல்கள்

டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் நம் இரத்தத்தில் சுற்றுகின்றன. கிருமியைச் சந்திக்காத டி செல்லில், தாக்குதலுக்கான மரபணுக்கள் மூடியே இருக்கும். குறிப்பிட்ட கிருமியை அடையாளம் காணக்கூடிய செல்கள் மிகச் சிலவே. அவை கிருமியைக் கண்டதும் வேகமாகப் பெருகுகின்றன, அப்போது அந்த மரபணுக்களின் பூட்டுகள் திறக்கின்றன. போர் முடிந்ததும் பத்தில் ஒன்பதுக்கும் மேல் மடிந்துவிடும். எஞ்சியவைதான் நினைவு செல்கள்.

2017-ல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் ராமா அகொண்டி, ஹைதராபாத்தில் பிறந்த ரஃபி அஹ்மத் ஆகியோரின் குழு இதை மனிதர்களிடமே காட்டியது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டவர்களை அவர்கள் ஆராய்ந்தனர். புதிதாகப் பிறக்கும் செல்களை அடையாளம் காண, கன நீரைக் குடிக்கக் கொடுத்தனர். ஊசி போட்ட முதல் இரு வாரங்களில் பெருகிய செல்களே நினைவு செல்களாக நீடித்தன. பிறகு அவை ஆண்டுக்கு ஒருமுறைகூடப் பிரியாமல் அமைதியாக இருந்தன. பார்வைக்குப் போர் காணாத செல்களைப் போலவே இருந்தாலும், தாக்குதல் மரபணுக்கள் இருக்கும் பகுதிகள் மட்டும் பத்தாண்டு கழித்தும் திறந்தே இருந்தன. கிருமி திரும்பி வந்தால் பூட்டைத் திறக்க நேரம் வீணாகாது. வாள் உறையில்தான் இருக்கிறது, ஆனால் கை பிடியின் மேல் இருக்கிறது.

இந்தத் தடுப்பூசிச் சான்றிதழ் 2016 முதல் ஆயுள் முழுதும் செல்லும். ஆனால் ஹஜ்ஜுக்குப் போடும் மூளைக்காய்ச்சல் ஊசியின் ஒரு வகைக்கு 3 ஆண்டு, இன்னொரு வகைக்கு 5 ஆண்டுதான் கணக்கு. முதல் வகையில் கிருமியின் சர்க்கரை உறை மட்டுமே உள்ளது. டி செல்கள் அடையாளம் காண்பது பெரும்பாலும் புரதத்தைத்தான். சர்க்கரையோடு ஒரு புரதத்தைக் கோத்துக் கொடுத்த இரண்டாம் வகையில் டி செல்களும் உதவிக்கு வருகின்றன, நினைவும் வலுக்கிறது. நன்கு மனனம் செய்த ஹாஃபிழுக்கும் தவ்ர் தேவைப்படுவது போல, சில ஊசிகளுக்கு மறுதவணை தேவைப்படுகிறது.

அப்படியானால் மரபணு மாறுகிறதா?

தடுப்பூசி நம் மரபணுவைத் திருத்தி எழுதுவதில்லை. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எதிர்ப்புரதம் செய்யும் பி செல்கள், கிருமிக்கு இன்னும் பொருத்தமாக அமைவதற்காக, அந்தப் புரதத்துக்குரிய தம் மரபணுப் பகுதியில் சிறு மாற்றங்களைத் தாமே செய்துகொள்கின்றன. சாதாரண நோய் வந்தாலும் இதுவே நடக்கும். அது அந்தச் செல்களோடு நின்றுவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. இது படைப்பை மாற்றுவதல்ல. அல்லாஹ் படைப்பிலேயே வைத்த ஏற்பாடு. தடுப்பூசி அதற்கு வேலை கொடுக்கிறது, அவ்வளவுதான்.

உண்மையில் அஞ்ச வேண்டியது தட்டம்மையைத்தான். அந்த வைரஸ் நினைவு செல்களுக்குள்ளேயே புகுந்து அவற்றை அழிக்கிறது. நெதர்லாந்தில், மத நம்பிக்கையின் பேரில் தடுப்பூசி போடாத கிறித்தவச் சமூகத்தின் 77 பிள்ளைகளைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் சோதித்தனர். பழைய நோய்களுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புரதங்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்ததாக 2019-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. தடுப்பூசி போட்ட பிள்ளைகளிடம் அந்த இழப்பு இல்லை. படைப்பைப் பாதுகாப்பதாக நினைத்து ஊசியைத் தவிர்த்தால், அல்லாஹ் தந்த நினைவையே இழக்க நேரிடலாம்.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட நினைத்தவருக்கு நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்த பாடம் நமக்குத் தெரியும். அந்தத் தகப்பனாரிடமும் அதையே நினைவுபடுத்தினேன். தட்டம்மை–ருபெல்லா ஊசி நம் நாட்டில் 9 முதல் 12 மாதத்துக்குள் ஒன்றும், 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்றும் போடப்படுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சலோ வேறு உடல்நலக் குறையோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வருவதை அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன், விவரம் தெரிந்தவரிடம் கேட்டு உறுதிசெய்து கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஆஃபியத்தையும், நமக்குப் பயனுள்ள கல்வியையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.