சில்லு சூடாகிறதா? பிரேக்கைக் கவனியுங்கள்

சீட்டுக் காசும் கடன் காசும் சேர்த்து, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி லயத்து வாசலில் நிறுத்துகிறோம். இரண்டு நாளில், "வண்டி இழுக்க மாட்டேங்குது, பெற்றோலும் கூடக் குடிக்குது" என்று கவலை வந்துவிடுகிறது. எஞ்சின் போய்விட்டது என்று பயப்படுவதற்கு முன்னால், பிரேக் உரசுகிறதா என்று பார்ப்போம்.

"பிரேக் இறுக்கமா இருந்தா நல்லதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். நல்லதல்ல. எந்நேரமும் உரசும் பிரேக் சூடேறும். சூடேறிய பிரேக்குக்குப் பிடிமானம் குறையும். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது, பின்னால் மனைவியும் பிள்ளையும் இருக்க, பிரேக் கைவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில், வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, பின் சில்லைக் கையால் சுற்றுங்கள். லேசாகச் "சர்" என்ற சத்தம் வந்தாலும் தாராளமாகச் சுற்றினால் பயமில்லை. கை எடுத்ததும் நின்றுவிட்டால் கவனிக்க வேண்டும். அடுத்து, சமமான ரோட்டில் பிரேக் பிடிக்காமல் ஒரு கிலோமீற்றர் ஓட்டி, தானாக நிற்க விடுங்கள். புறங்கையைச் சில்லின் நடுப்பகுதிக்குக் கிட்டக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். அனல் அடித்தால் பிரேக் உரசுகிறது.

டிரம் பிரேக்கில் அடிக்கடி காணும் காரணங்கள் மூன்று.

ஒன்று, மிதிகட்டைக்கு விளையாட்டு இல்லாமை. பெரும்பாலான வண்டிகளில் மிதிகட்டை சுமார் 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை இறங்கிய பிறகே பிரேக் பிடிக்க வேண்டும். செயினை இறுக்கும்போது சில்லு பின்னுக்குப் போகும். பிரேக் கம்பியும் சேர்ந்து இழுபடும். விற்பதற்கு முன் செயினை இறுக்கிவிட்டு, பிரேக் நட்டைத் தளர்த்த மறந்திருப்பார்கள்.

இரண்டு, துரு. மிதித்து விட்டதும் டிரம்மிலுள்ள கை "டக்" என்று திரும்ப வேண்டும். மெதுவாகத் திரும்பினால், உள்ளேயுள்ள தண்டு துருப்பிடித்திருக்கலாம், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். முன் பிரேக்கென்றால் கேபிளையும் பாருங்கள். மழையும் பனியும் உள்ள நம் பக்கத்தில் இது சாதாரணம்.

மூன்று, வேறு பழுது. நட்டைத் தளர்த்தியும் சில்லு இறுகினால், பேரிங்கோ செயினோ காரணமாகலாம். எத்தனை சுற்றுத் தளர்த்தினோம் என்று எண்ணி வைத்து, பார்த்து முடிந்ததும் பழையபடி வைக்க மறக்காதீர்கள்.

டிஸ்க் பிரேக் லேசாக உரசுவது வழமை. ஆனால் ஓட ஓட இறுகிக்கொண்டே வந்தால், பிஸ்டன் சிக்கியிருக்கலாம். லீவரை விட்ட பின்னும் எண்ணெய் திரும்பாமல் நிற்கலாம். சிலர் பிரேக் எண்ணெய் குறைந்ததும் எஞ்சின் எண்ணெயை ஊற்றிவிடுவார்கள். அது உள்ளே உள்ள ரப்பரை உப்பவைத்து பிரேக்கை இறுக்கிவிடும். டப்பாவின் மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்ற வேண்டும். டிஸ்க் வேலையைக் கராஜ்காரரிடமே விடுங்கள்.

இன்னும் சில விஷயங்கள்: பிரேக் கட்டையில் எண்ணெயோ கிறீஸோ படக்கூடாது. டிரம்மைத் திறந்தால் தூசியை வாயால் ஊத வேண்டாம். பழைய கட்டைகளில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். பெற்றோலை மிச்சப்படுத்தப் பள்ளத்தில் நியூட்ரலில் இறக்காதீர்கள்; சின்ன கியரில் இறங்கினால் எஞ்சினே பாதி பிரேக் ஆகும்.

நட்டைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் போதும். இந்த வேலையை முடித்த பிறகே குடும்பத்தைப் பின்னால் ஏற்றுவோம்.