சுற்று நேரம் குறைவது எவ்வாறு?

விரைந்து ஓட்டுவது வேறு. விரைவில் ஓடி முடிப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் பலர். அவை ஒன்றல்ல என்பதைக் கண்கூடாகக் காட்டும் இடம் மோட்டார்ப் பந்தயத் தளமாகும்.

சிலாங்கூர் மாநிலத்துச் சிப்பாங்கில் உள்ள அனைத்துலகப் பந்தயத் தளம் 1999ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அவ்வாண்டு முதல் 2017 வரை ‘பார்முலா ஒன்’ பந்தயம் அங்கு ஆண்டுதோறும் நடைபெற்றது. ஒரு சுற்றின் நீளம் 5.543 கிலோமீட்டர். வளைவுகள் 15, அவற்றுள் வலப்புறம் திரும்புவன 10, இடப்புறம் திரும்புவன 5. பந்தயம் இல்லாத நாள்கள் சிலவற்றில், கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் தம் சொந்தக் கார்களை அத்தளத்தில் ஓட்டலாம். ‘டிராக் டே’ என்று வழங்கும் இதனைத் தள ஓட்ட நாள் எனலாம்.

2017ஆம் ஆண்டுப் பந்தயத்தில் செபாஸ்டியன் வெட்டல் என்னும் செருமானிய வீரர் ஒரு சுற்றை 1 நிமிடம் 34.080 வினாடியில் முடித்தார். வீட்டுக்கு வாங்கிய காரில் இரண்டரை நிமிடமோ மூன்று நிமிடமோ ஆவது இயல்பே. அதே கார், அதே ஓட்டுநர். ஆயினும் முறையறிந்து ஓட்டினால் நேரம் குறைகிறது. எங்கிருந்து குறைகிறது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

டயரின் கையிருப்பு

காரைத் தரையோடு பிணைப்பவை நான்கு டயர்கள் மட்டுமே. ஒவ்வொன்றும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. வேகம் கூட்டல், பிரேக் பிடித்தல், திரும்புதல் ஆகிய மூன்றுக்கும் வேண்டிய பிடிப்பு அங்கிருந்தே வரவேண்டும். மாதச் சம்பளம் முழுவதையும் மளிகைக் கடையில் கொடுத்துவிட்டவன் பிள்ளையின் புத்தகத்துக்குப் பணம் தேடி எங்கே போவான்? அதுபோலவே, பிடிப்பு முழுவதையும் பிரேக்குக்குச் செலவிட்ட டயருக்குத் திரும்பும் ஆற்றல் எஞ்சாது. கார் வளையாமல் நேரே வழுக்கிச் செல்லும். ஆகலின், வேகத்தைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதி காரைத் திருப்புமுன் நேர்வழியிலேயே முடிந்திருத்தல் வேண்டும். பிரேக்கைச் சிறிது சிறிதாக விட விடத் திருப்புதல் கூடலாம். திருப்புதல் தளரத் தளர வேகம் கூட்டலாம்.

வளைவின் கணக்கு

ஒரு வளைவை எவ்வளவு வேகத்தில் கடக்கலாம் என்பது அவ்வழியின் ஆரத்தைப் பொறுத்தது. டயரின் பிடிப்பு காரின் எடைக்கு நிகரென வைத்துக்கொள்வோம். ஆரம் 25 மீட்டராயின் மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் வேகத்தில் செல்லலாம். ஆரம் 36 மீட்டராயின் அவ்வேகம் ஏறத்தாழ 68 ஆக உயர்கிறது. காரும் டயரும் மாறவில்லை. சென்ற வழி மட்டுமே மாறியது.

ஆதலின் தேர்ந்த ஓட்டுநர் வளைவின் உட்கரையை ஒட்டியே செல்வதில்லை. வெளிக்கரையில் தொடங்கி, உட்கரையை ஓரிடத்தில் தொட்டு, மீண்டும் வெளிக்கரைக்கு அகன்று செல்வார். தளத்தின் அகலம் முழுவதையும் பயன்படுத்துவதால் வழியின் வளைவு தளர்கிறது. உட்கரையைத் தொடும் இடம் மிக முன்னதாக அமைந்தால், வெளியேறும்போது இடம் போதாமற் போகும். சற்றுப் பிந்தித் தொட்டால், கார் முன்கூட்டியே நேராகி வேகம் கூட்ட இடம் கிடைக்கும்.

ஐந்து மீட்டர் ஆசை

புதியவர் பலர், பிரேக்கைக் கடைசி நொடியில் பிடிப்பதே திறமை என்று எண்ணுகின்றனர். அதன் ஆதாயத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், 56 கிலோமீட்டர் வேகத்தில் எடுக்கவேண்டிய வளைவை நெருங்குகிறது. பிரேக்கை 5 மீட்டர் பிந்திப் பிடித்தால், எல்லாம் சரியாக அமைந்தாலும் மிச்சமாவது ஏறத்தாழ 0.2 வினாடி. சற்றே தவறினால் கார் வழி விலகி அகன்றோடும். வேகம் கூட்டுவது தாமதமாகும்.

அத்தாமதத்தின் விலை என்ன? சிப்பாங்கில் 14ஆம் வளைவை அடுத்து நீண்ட நேர்வழி வருகிறது. அதன் முடிவில் கூர்மையாக இடப்புறம் மடங்கும் 15ஆம் வளைவு. அதனை அடுத்து மீண்டும் ஒரு நீண்ட நேர்வழி. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 900 மீட்டர். அத்தொலைவைச் சராசரி 150 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 21.6 வினாடி ஆகும். சராசரி 153 ஆயின் 21.2 வினாடியே ஆகும். வளைவை விட்டு ஒழுங்காக வெளியேறியவர்க்கு ஒரு நேர்வழியிலேயே 0.4 வினாடி ஆதாயம். நுழையும்போது பொறுத்தவன் வெளியேறும்போது பெறுகிறான். எனவே, நீண்ட நேர்வழிக்கு முன்னுள்ள வளைவையே முதலிற் செம்மைப்படுத்தல் வேண்டும்.

தளமும் மாறக்கூடியது. 2016இல் சிப்பாங்கின் மேற்பரப்பைப் புதுப்பித்தபோது, 15ஆம் வளைவின் உட்கரையை உயர்த்தினர். அதனால் தரை வெளிப்புறம் நோக்கிச் சரிந்தது. பழைய வழியே செல்வது நட்டமாயிற்று. மழையிலும் இவ்வாறே. பலரும் ஓடிய வழியில் டயரின் ரப்பர் படிந்திருக்கும். உலர்ந்தபோது பிடிப்பைத் தரும் அவ்விடமே நனைந்தபோது வழுக்கும். மனப்பாடம் செய்தவன் அங்கே திகைப்பான். காரணம் அறிந்தவன் வழியை மாற்றிக்கொள்வான்.

வெப்பம் என்னும் பகை

வேகம் இருமடங்கானால் காரின் இயக்க ஆற்றல் நான்மடங்காகும். பிரேக் பிடிக்கும்போது அவ்வாற்றல் வெப்பமாகிறது. பிரேக் எண்ணெய் காலப்போக்கில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ‘டாட் 4’ வகை எண்ணெய், புதிதாயின் குறைந்தது 230 பாகை செல்சியசு வரை கொதியாதிருத்தல் வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியதற்கோ அவ்வரம்பு 155 பாகையே. கொதித்தால் குமிழி தோன்றும், மிதித்த மிதி தரைவரை அமிழும், கார் நில்லாது. எனவே தளத்துக்குச் செல்லுமுன் எண்ணெயை மாற்றுவதும், சில சுற்றுகளுக்குப் பின் ஒரு சுற்றை மெதுவாக ஓட்டிப் பிரேக்கை ஆறவிடுவதும் இன்றியமையாதன.

கற்கும் முறை

ஒரே நாளில் எல்லாவற்றையும் திருத்த முயல்பவர் எதனையும் திருத்துவதில்லை. எழுத்து, சொல், வாக்கியம் மூன்றையும் ஒரே பாடத்தில் திருத்தப் புகும் ஆசிரியர் இதனை நன்கறிவார். முதலில் வழியை மெதுவான வேகத்தில் பழகவேண்டும். அடுத்து வெளியேறும் வேகம். பிரேக் பிடிக்கும் இடத்தை நகர்த்துவது இறுதியில்தான், அதுவும் சிறிது சிறிதாக. பார்வை காரின் மூக்கில் நில்லாது அடுத்துச் செல்லும் இடத்தில் நிலைத்தல் வேண்டும்; கண் போன வழியே கை போகும். அருகில் அமர்ந்து சொல்லித்தரும் பயிற்சியாளர் கிடைப்பின், புதிய டயரினும் அவரால் விளையும் பயன் பெரிது. ஒரு சுற்று மிக விரைவாக அமைவது தற்செயலாகவும் இருக்கலாம். பத்துச் சுற்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிவதே தேர்ச்சியின் அடையாளம்.

தள ஓட்ட நாள் பந்தயம் அன்று. ஓட்டுநரின் கவனம் கடிகாரத்தின்பால் போகுமென்று அஞ்சி, நேரம் அளப்பதையே தடை செய்யும் அமைப்பாளர்களும் சில நாடுகளில் உளர்.

தளமும் சாலையும்

வேகத்தில் விருப்பம் இளமையின் இயல்பு. அதனை வெறுமனே கண்டித்துப் பயன் இல்லை. அதற்குரிய இடத்தைக் காட்டுதலே அறிவுடைமை. தளத்தில் எதிரே வண்டி வருவதில்லை. வழி தவறினால் ஓடி நிற்க அகன்ற வெளி உண்டு. மஞ்சள் கொடி ஆபத்தை அறிவிக்கும். சிவப்புக் கொடி ஓட்டத்தையே நிறுத்தும். நெடுஞ்சாலையில் இவற்றுள் எதுவும் இல்லை. அங்கே இருப்பது பள்ளி முடிந்து கடக்கும் குழந்தை. வளைவின் வெளிக்கரைக்கு அகன்று செல்லும் வழி தளத்தில் திறமை. சாலையில் அது எதிரே வருபவனின் இடம்.

இவ்வேறுபாட்டை உணர்ந்த இளைஞன் தளத்திலிருந்து திரும்பும்போது, எவ்வேகத்தில் கார் தன் கைக்கு அடங்காது போகும் என்பதைக் கண்டறிந்தவனாகத் திரும்புகிறான். சுற்று நேரத்தில் குறைந்த ஓரிரு வினாடிகளினும் மேலான பேறு அதுவேயாம்.