சிற்றூர்க் கழிவு ஜலமும் குடிநீர்க் கிணறும்

சிறு கிராமங்களில் குளிப்பதாலும் பாத்திரம் கழுவுவதாலும் உண்டாகும் கழிவு ஜலம் தெருவிலே தேங்கிக் கொசுக்களைப் பெருக்குகின்றது. அது குடிநீர்க் கிணற்றில் கசியுமாயின் பேதி முதலிய வியாதிகள் ஊர் முழுவதும் பரவக்கூடும்.

இதைத் தடுக்கப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. வீட்டுக்கு ஓர் உறிஞ்சுகுழி, நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 1 மீட்டராக வெட்டி, உடைகல் நிரப்புதல் போதும். ஜலம் முதலில் சிறு தொட்டியொன்றில் தங்கி, எண்ணெய்ப்பசையும் வண்டலும் நீங்கிய பின்னரே குழிக்குள் செல்லவேண்டும்; இன்றேல் குழி விரைவில் அடைபடும். தொட்டியை அடிக்கடி சுத்தம் செய்தல் அவசியம். கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 10 மீட்டர் தூரம் இருத்தல்வேண்டும். நிலத்தடி ஜலம் மேலாக உள்ள இடங்களில் குழி வெட்டலாகாது. வாழை, கல்வாழைப் பாத்திகளுக்கு அந்த ஜலத்தைத் திருப்புவதே நலம். மலஜலத்தை இதில் ஒருபோதும் சேர்க்கலாகாது.

ஒரு வீட்டின் சாக்கடை ஊரார் அனைவருடைய கிணற்றையும் கெடுக்கும். ஆகையால் மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் முதலில் தங்கள் இல்லங்களில் இதைச் செய்துகாட்டுவார்களாக.