சிறுநீரக நரம்பைச் சுட்டால் பிரஷர் தீருமா?

 

முல்லைத்தீவு மாவட்டத்தில், மல்லாவியில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். உம்மாவுக்கு வயது 58. மாதம் ஒரு தடவை கிளினிக் கொப்பியை எடுத்துக் கொண்டு மல்லாவி ஆதார வைத்தியசாலைக்குப் போகிறார். வரிசையில் காத்திருந்து பிரஷர் குளிசை வாங்கி வருகிறார். ஒருநாள் கத்தாரில் இருக்கும் மகன் தொலைபேசியில் சொல்கிறான்: "உம்மா, இனிக் குளிசையே தேவையில்லையாம். சிறுநீரகத்துக்குப் போகும் நரம்பைச் சுட்டுவிட்டால் பிரஷர் இறங்கிவிடுமாம். நகையை அடகு வைத்தாவது இந்தியாவுக்குக் கூட்டிப் போகிறேன்."

உம்மாவின் மனம் குளிர்ந்து விடுகிறது. அன்றிரவே குளிசைப் பெட்டியை மூடி அலுமாரியில் வைத்து விடுகிறார்.

ஆபத்து தொடங்குவது இங்கேதான்! மகன் சொன்னதில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. இரண்டையும் பிரித்து அறிவது குடும்பத் தலைவியான உங்கள் பொறுப்பு.

நரம்புக்கும் பிரஷருக்கும் என்ன தொடர்பு?

நம் இரு சிறுநீரகங்களுக்கும் இரத்தம் கொண்டு செல்லும் நாடிகளைச் சுற்றி, கொடி படர்ந்தது போல மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. மூளையிலிருந்து அவற்றின் வழியாகக் கட்டளைகள் வருகின்றன. "உப்பை வெளியே விடாதே, உடலிலேயே வைத்துக்கொள்; ரெனின் என்ற சுரப்பைக் கூடுதலாக விடு" என்பவை அந்தக் கட்டளைகள். உப்புத் தங்கினால் நீரும் தங்கும். ரெனின் பெருகினால் இரத்தக் குழாய்கள் இறுகும். இரண்டினாலும் அழுத்தம் ஏறும். பிரஷர் உள்ளவர்களில் பலருக்கு இந்த நரம்புகள் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன.

புதிய சிகிச்சையில் தொடையிலுள்ள நாடி வழியாக ஒரு மெல்லிய குழாயைச் சிறுநீரக நாடி வரை செலுத்துகிறார்கள். ரேடியோ அலையினாலோ, காதுக்குக் கேளாத ஒலி அலையினாலோ சூடேற்றி அந்த நரம்புகளைச் செயலிழக்கச் செய்கிறார்கள். பின்னர் குழாயை வெளியே எடுத்து விடுகிறார்கள். உள்ளே எதுவும் வைப்பதில்லை.

"நரம்பு போனால் சிறுநீரகம் கெட்டுவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! மாற்றிப் பொருத்தப்படும் சிறுநீரகத்தின் நரம்புகள் அறுக்கப்பட்டே வருகின்றன. ஆனாலும் அது இரத்தத்தைச் சுத்திகரிக்கவே செய்கிறது. வல்ல இறைவனின் படைப்பை என்னவென்பது!

ஏறி, இறங்கி, மீண்டும் ஏறிய கதை

நல்ல மருந்துகள் இல்லாத காலத்தில் அமெரிக்காவில் அறுவைச் சிகிச்சை செய்தே இவ்வகை நரம்புகளை வெட்டினார்கள். பிரஷர் இறங்கியது, ஆனால் எழுந்து நின்றால் மயக்கம் போன்ற தொல்லைகள் வந்தன. குளிசைகள் வந்ததும் அந்த முறை மறைந்தது.

குழாய் வழிச் சிகிச்சையின் முதல் முடிவுகள் 2009-ல் வெளியானபோது உலகமே வியந்தது. ஆனால் 2014-ல் 535 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு உண்மையான சிகிச்சை. மற்றப் பிரிவினருக்குச் சிகிச்சை போன்ற பாவனை மட்டும். உண்மைப் பிரிவில் மேல் அழுத்தம் ஏறத்தாழ 14 புள்ளி குறைந்தது. பாவனைப் பிரிவிலோ ஏறத்தாழ 12 புள்ளி குறைந்திருந்தது! கண்காணிப்பில் இருக்கிறோம் என்றதும் குளிசையை ஒழுங்காக விழுங்கியதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

பின்னர் கருவிகள் திருத்தப்பட்டன. புதிய ஆய்வுகளில் பலன் தெளிவாகத் தெரிந்தது. 2023 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இரண்டு கருவிகளுக்கு அனுமதி வழங்கியது. ஆனாலும் பாவனைச் சிகிச்சையை விட மேலதிகமாகக் குறைவது சராசரியாக 5 புள்ளி அளவுதான். சிலருக்கு நன்றாகக் குறைகிறது, சிலருக்குக் குறைவதே இல்லை. யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. பெரும்பாலோர் அதன் பின்பும் குளிசை போட வேண்டியுள்ளது.

ஆகவே இது எல்லோருக்கும் உரிய சிகிச்சை அல்ல. நீர் போகச் செய்யும் குளிசை உட்பட மூன்று வகை மருந்துகளை ஒழுங்காக எடுத்தும் அழுத்தம் இறங்காதவர்களுக்கே முக்கியமாக இது யோசிக்கப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கும், சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கும் இது ஏற்றதல்ல.

அதே ஐந்து புள்ளி நம் வாசலில்!

இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2020-ல் வெளியானது. பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் 2,645 பேரில் ஒரு பிரிவினரின் வீடு தேடிச் சென்றார்கள். பிரஷரை அளந்தார்கள், புத்தி சொன்னார்கள், தேவைப்பட்டோரை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர்களுக்கு, மற்றவர்களை விட மேல் அழுத்தம் ஏறத்தாழ 5 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. நகையும் அடகு போகவில்லை, கப்பலும் ஏறவில்லை!

2018-ல் வெளியான மற்றோர் ஆய்வு இலங்கையிலேயே 700 பேரிடம் நடந்தது. மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தபோது, ஆறு மாதத்தில் 70 சதவீதத்தினரின் அழுத்தம் கட்டுக்குள் வந்தது. வழக்கமான சிகிச்சையில் 55 சதவீதம்தான்.

சகோதரிகளே, நீங்கள் செய்ய வேண்டியவை

குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சில மருந்துகளைத் திடீரென விட்டால் பிரஷர் முன்னிலும் வேகமாக ஏறும். பாரிசவாதம் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

அளக்கும்போது ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருங்கள். பேசாதீர்கள். அதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே தேநீரைத் தவிருங்கள்.

ஒரு நாளைக்கு உப்பு மொத்தம் ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். கருவாடு, அச்சாறு, ஊறுகாய், உப்புக் கச்சான் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும்.

வலிக்குப் போடும் மாத்திரை, கருத்தடைக் குளிசை, அதிமதுரம் சேர்ந்த கசாயம் ஆகியவையும் அழுத்தத்தை ஏற்றலாம். கிளினிக்கில் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நோன்பு நெருங்குமுன் வைத்தியரைப் பார்த்து, குளிசையை ஸஹரிலா இஃப்தாரிலா எடுப்பது என்று கேட்டு வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் அழுத்தம் இறங்கவில்லையா? அப்போது பெரிய வைத்தியசாலையின் இருதய நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். மல்லாவி உம்மாவும் மாங்குளம் சந்திக்கு வந்து யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ போகலாம். வேறு நோய் ஏதும் பிரஷரைத் தூண்டுகிறதா என்று நிபுணர் முதலில் பார்ப்பார். நரம்புச் சிகிச்சையைப் பற்றிய பேச்சு அதன் பிறகுதான் வர வேண்டும்.

நோயைத் தந்த அல்லாஹ் அதற்கு மருந்தையும் தந்திருக்கிறான் என்பது நம் நம்பிக்கை. அந்த மருந்து சில வேளை தூர தேசத்து இயந்திரத்தில் இருக்கலாம். உம்மாவுக்கு அது இன்றைக்கு அலுமாரியில் மூடி வைத்த பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. மகன் மறுபடி அழைக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, "உம்மா, இன்றைக்குக் குளிசை போட்டீங்களா?" என்பதுதான்.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்ல சுகத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.