சீலோவிலும் சேத்தூரிலும் நிலப் பங்கீடு

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளெனக் கொண்டு இலக்கணம் வகுத்தார் தொல்காப்பியர். மாந்தரின் தொழிலும் ஒழுக்கமும் நிலத்தைப் பற்றியே அமைவன என்பது அவர் கருத்தாகும். அந்நிலத்தை யார்க்கு, எவ்வளவு, எம்முறையிற் பகுத்தளிப்பது என்னும் வினா எல்லா நாட்டினர்க்கும் உரியது. விவிலிய நூலில் யோசுவாவின் ஆகமத்து 13 முதல் 21 வரையுள்ள அதிகாரங்கள் இவ்வினாவிற்கு விடை கூறுவன. அவை ஊர்ப்பெயர்களும் எல்லைக் குறிகளும் மலிந்தமையின் படிப்போர் பலர் விரைந்து கடந்துவிடுவர். ஆயின், நம் நாட்டு நிலவரலாற்றை உடன்வைத்து நோக்குவார்க்கு அவை பெரிதும் பயன் தருவனவாம்.

இஸ்ரவேலரின் பங்கீட்டில் இரண்டு விதிகள் இருந்தன. எண்ணாகமம் 26ஆம் அதிகாரத்தின்படி, தொகை மிக்க கோத்திரத்திற்கு மிக்க நிலமும், குறைந்ததற்குக் குறைந்த நிலமும் அளித்தல் வேண்டும் என்பது ஒன்று. சீட்டுப் போட்டே பகிர்தல் வேண்டும் என்பது மற்றொன்று. இவை தம்முள் முரணுவன போலத் தோன்றும். எப்பகுதி யார்க்கு என்பதைச் சீட்டும், அதன் பரப்பு எவ்வளவு என்பதைக் குடித்தொகையும் அறுதியிட்டன எனக் கொள்வார்க்கு முரண் இல்லை. ரூபன், காத் கோத்திரத்தாரும் மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரும் யோர்தானுக்குக் கிழக்கே முன்னரே பங்கு பெற்றனர். ஏழு கோத்திரத்தார் பங்கின்றி எஞ்சி நின்றபோது, கோத்திரத்திற்கு மூவராக ஆட்கள் சென்று, நாட்டைச் சுற்றிப் பார்த்து, ஏழு பகுதியாக எழுதிக் கொணர்ந்தனர். அதன் பின்னரே சீலோவிற் சீட்டுப் போடப்பட்டது. முன்னர் அளவை, பின்னர்ச் சீட்டு என்னும் இவ்வொழுங்கு நோக்கத்தக்கது. 76,500 பேரைக் கொண்ட யூதாவிற்குக் கிடைத்த நிலம் தேவைக்கு மிஞ்சியதாகக் காணப்படவே, அதனுள்ளிருந்து 22,200 பேரேயுடைய சிமியோனுக்குப் பங்கு அளிக்கப்பட்டது. தலைவராகிய யோசுவா எல்லார்க்கும் அளித்தபின் இறுதியிலேயே திம்னாத்சேரா என்னும் ஊரைப் பெற்றனர்.

சீட்டுப் போட்டு நிலம் பகிரும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. தஞ்சைச் சீமையிலும் தொண்டை மண்டலத்திலும் காணியாளர் பலர் ஓர் ஊரைப் பல பங்குகளாகக் கொண்டு ஆண்டனர். நிலத்தை ஒருமுறையே பிரித்து நிலையாக வைத்துக்கொள்வது அறுதிக்கரை எனவும், குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பங்கிட்டு வயல்களை மாற்றிக்கொள்வது பசுங்கரை எனவும் பெயர் பெற்றன. வாய்க்காலின் தலைப்பிலுள்ள வயலுக்குத் தண்ணீர் முந்தும், கடைமடைக்குப் பிந்தும். ஒருவனே என்றும் கடைமடையில் நின்று வாடாதிருத்தற்குப் பசுங்கரை வழிசெய்தது. சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை 1818இல் வெளிவந்த தம் மிராசு பற்றிய நூலில் இவற்றை விளக்கியுள்ளார். உத்தரமேரூர்ச் சபையாரைக் குடவோலையால் தெரிந்தெடுத்த முறையை முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் கூறுகின்றன. சீட்டு நடுநிலைமைக்கு அடையாளம் என்பதனை நம்மவரும் உணர்ந்திருந்தனர் அன்றோ?

இனி, சேத்தூரை நோக்குவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இராஜபாளையத்திற்குத் தெற்கே அமைந்த இவ்வூர் ஏடுகளிற் சேற்றூர் எனவும் வழங்கும். மேற்கே குறிஞ்சியும் கீழே மருதமும் தழுவிக்கிடக்கும் இந்நிலத்தில் எந்நாளும் சீட்டு விழுந்ததில்லை. மதுரை நாயக்கர் தம் நாட்டை 72 பாளையங்களாக வகுத்துத் தலைவர் கையில் ஒப்புவித்தனர் என்பது மரபு. சிவகிரி, சிங்கம்பட்டி முதலியன போலச் சேத்தூரும் மறவர் ஆண்ட பாளையங்களுள் ஒன்று. படையுதவியும் கப்பமும் கருதி அளிக்கப்பட்டமையின், இங்குப் பங்கிற்கு அளவாய் நின்றது குடித்தொகையன்று; தலைவனின் வலியேயாம். பின்னர், 1802ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 25ஆவது ரெகுலேஷன் சென்னை மாகாணத்துப் பாளையங்கள் ஜமீன்களாதற்கு வழிவகுத்தது. பாளையக்காரர் ஜமீன்தார் ஆயினர். உழுகுடிகள் அவர்க்கு வாரமும் தீர்வையும் செலுத்துவாராயினர். சேத்தூர் ஜமீன் தமிழ்ப் புலவரைப் போற்றிப் புகழ் பெற்றது, அது மறக்கற்பாலதன்று. எனினும், புலவரைப் புரந்த பொருளும் உழவன் அளந்த நெல்லிலிருந்து வந்ததேயாம். சேத்தூரை அடுத்துள்ள தேவதானம் என்னும் ஊரின் பெயர் இறைவனுக்கு அளிக்கப்பட்ட நிலம் என்னும் பொருளது. இஸ்ரவேலில் இறைபணி செய்த லேவியரோ, தனி நாடு பெறாது, ஏனையோர் பங்குகளினின்றும் 48 பட்டணங்களையும் அவற்றைச் சூழ்ந்த மேய்ச்சல் வெளிகளையுமே பெற்றனர்.

பங்கீட்டில் மறக்கப்பட்டோர் வழக்கும் அறிதற்குரியது. செலோப்பியாத் என்பான் ஆண்மகவின்றி இறந்தனன். அவன் புதல்வியர் ஐவர் மோசேயின் முன் நின்று தந்தையின் பங்கைக் கேட்டுப் பெற்றனர். யோசுவாவின் காலத்தும் நினைவூட்டியே அதனைக் கைக்கொண்டனர். சேத்தூருக்கு மேற்கே, மலைக்கு அப்பால் இருந்த திருவாங்கூரிலே, 1916ஆம் ஆண்டுச் சட்டம் கிறிஸ்தவப் பெண்ணுக்கு மகன் பங்கில் நாலிலொன்றோ ஐயாயிரம் ரூபாயோ, இவற்றிற் குறைந்ததையே அளித்தது. மேரி ராய் என்னும் அம்மையார் தொடுத்த வழக்கில், 1986இல் உச்ச நீதிமன்றம் அக்குறையை நீக்கியது. தமிழ்நாட்டிலே இந்துக் குடும்பத்துப் பெண்கள் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பூர்விகச் சொத்திற் சம பங்குரிமை எய்தினர். வேதத்தை நாள்தோறும் ஓதிய நாம் அவ்வைவரின் வழக்கை இத்துணைக் காலம் பொருட்படுத்தாதிருந்தமை நாணத்தக்கதேயாம்.

யோசுவாவின் பங்கீட்டிலும் இருள் உண்டு. அந்நாட்டிலே முன்னரே குடியிருந்தோர்க்குச் சீலோவிற் சீட்டு இல்லை. கிபியோனியர் விறகு வெட்டுவோரும் தண்ணீர் சுமப்போருமாக வைக்கப்பட்டனர். நம் பசுங்கரையிலோ, காணியாளர்க்குள் நடுநிலைமை இருந்ததேயன்றி, அவ்வயலில் இறங்கி உழைத்த பண்ணையாட்குப் பங்கு இருந்ததில்லை. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. அதனால் உழுகுடிகள் ரயத்துவாரிப் பட்டா பெற வழி பிறந்தது. உழுதற்கென நிலம் ஏதும் இல்லாத கூலியாளர்க்கு அச்சட்டத்தாற் பட்டா கிடைத்திலது. 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் ஐவர் கொண்ட குடும்பத்திற்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என எல்லை வகுத்தது. 1970இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. மிகுநிலத்தை நிலமில்லார்க்கு அளித்தலே அதன் கருத்து.

ஒருமுறை செம்மையாகப் பகிர்ந்ததனோடு நீதி முடிவதில்லை. கடனும் பஞ்சமும் வலியோர் சூழ்ச்சியும் பங்குகளை மீண்டும் சிலர் கையிற் சேர்த்துவிடும். இதனை உணர்ந்தே லேவியராகமம் 25ஆம் அதிகாரம், நிலம் கடவுளுடையது என்றும், மாந்தர் அதில் ஒதுங்கியிருப்போரே என்றும் கூறி, ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலி ஆண்டில் விற்ற காணி உரியவனிடம் மீளவேண்டும் என்று விதித்தது. பசுங்கரை வகுத்த நம் முன்னோரும் தம் அளவில் அவ்வுண்மையைக் கண்டவரே. அவர்கள் கரைக்குப் புறத்தே நிறுத்திய பண்ணையாளையும் கரைக்குள் அழைத்துப் பங்கு வகுத்தல் பின்வந்தோர் கடனாகும். நிலமுடையார் வீட்டுப் பிள்ளைகளும் நிலமில்லார் வீட்டுப் பிள்ளைகளும் ஒரு வகுப்பில் ஒக்க இருந்து பயிலும் நாம், அக்கடனை நமதன்று என்று தள்ளுதல் இயலுமோ?