மின்சாரக் காரும் விளம்பரப் படமும்

மக்கள் ஒரு பொருளை வாங்குமுன் அதன் படத்தையே முதலிற் காண்கின்றனர். கடைக்குச் சென்று தொட்டுப் பார்ப்பதற்கு முன்னரே, பத்திரிகைப் பக்கத்திலும் வீதியோரப் பலகையிலும் கைத்தொலைபேசித் திரையிலும் அப்பொருள் அவர்தம் உள்ளத்தில் இடம்பிடித்து விடுகின்றது. கார் விற்பனையில் இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலப்படும். எனினும், மின்சாரக் காரைப் படம் பிடிக்க முற்படுவோர்க்கு விசித்திரமானதோர் இடர்ப்பாடு உண்டு. அக்காரின் சிறப்புகள் எனப்படுபவை யாவை? இரைச்சல் இல்லை, புகைக்குழாய் இல்லை, பெற்றோல் வேண்டியதில்லை. இவை யாவும் இல்லாமைகளே. இல்லாத ஒன்றைக் கமரா எங்ஙனம் காட்டும்?

இவ்வினா இன்று எழுந்ததன்று. 1899ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் திகதி, பாரிஸ் நகருக்கு அண்மையில், கமீய் ஜெனற்சி என்னும் பெல்ஜிய நாட்டவர் மின்சாரக் காரொன்றில் மணிக்கு 105 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடிச் சாதனை நிலைநாட்டினார். தரையில் ஓடும் கார் ஒன்று மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டியது அதுவே முதற்றடவையாகும். மலர்களால் அலங்கரிக்கப்பட்ட அக்காரில் அவர் அமர்ந்திருக்கும் படம் இன்றும் காணக் கிடைக்கின்றது. அமெரிக்காவில் 1907 முதல் 1939 வரை விற்கப்பட்ட 'டெற்றோயிற் இலெக்றிக்' என்னும் கார் நகர வீதிகளுக்கே ஏற்றது என்று பெயர்பெற்றிருந்தது. 1919ஆம் ஆண்டளவில் அக்கார் சியாற்றில் நகரிலிருந்து றெயினியர் மலையை நோக்கி விளம்பரப் பயணம் சென்றது. மலைப்பாதையில் அது நிற்கும் படம் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளது. வேகத்தையும் வலுவையும் நேரே படமெடுக்க இயலாது. ஆயின் மலர் மாலையும் மலைப்பாதையும் அவற்றுக்குச் சாட்சி கூறின.

இனி, காரைப் படம் பிடிக்கும் முறையைச் சிறிது நோக்குவோம். மெருகிட்ட கார் உண்மையில் வளைந்ததொரு கண்ணாடியே. அதன் மேற்பாகத்தில் வானமும் கீழ்ப்பாகத்தில் தரையும் தெறிக்கின்றன. எதிரே ஒரு மின்கம்பம் நின்றால் அது கதவிலே பாம்புபோல் நெளியும். படம் எடுப்பவர் சிவப்புச் சட்டை அணிந்திருந்தால் அச்சிவப்பும் அங்கே தோன்றும். ஆதலின், காரின்மேல் வெளிச்சத்தைப் பாய்ச்சுவது மட்டும் போதாது; அக்கார் எதனைத் தெறிக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே படக்கலைஞரின் முதற்பணியாகும்.

படப்பிடிப்புக் கூடத்தில், மூலையே தெரியாதபடி தரையோடு வளைந்து சேரும் வெண்சுவரின் முன் கார் நிறுத்தப்படும். அதன்மேல், காரை விட நீளமான ஒளிப்பெட்டி ஒன்று தொங்கவிடப்படும். அதனை ஒரு சாண் உயர்த்தினாலோ சரித்தாலோ காரின் பக்கத்தில் ஓடும் ஒளிக்கோடு இடம்பெயரும். அக்கோடே உருவத்தை வரைந்து காட்டும் தூரிகை. வெண்ணிறக் கார் வெண்சுவரில் மறைந்து போகாமலிருக்க, இருபுறமும் கருந்துணி பிடிக்கப்படும். அதன் கருமை விளிம்புகளிற் படிந்து உருவத்தைப் பிரித்துக் காட்டும்.

வெளியிடத்திலோ, வானமே ஒளிப்பெட்டி ஆகின்றது. சூரியன் மறைந்த பின் இருள் சூழுமுன் உள்ள சிறுபொழுதையே இக்கலைஞர் பெரிதும் விரும்புவர். அப்பொழுது கூர்மையான நிழல்கள் இல்லை; காரின் விளக்கொளியும் வான் ஒளியும் சமநிலையில் நிற்கும். கண்ணாடியில் விழும் வேண்டாத தெறிப்பை அடக்க, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி வில்லையின்முன் பொருத்தப்படும். அதனைச் சுழற்றிச் சுழற்றிப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் நல்ல பகுதியைத் தேர்ந்து, கணினியில் ஒன்றாக இணைப்பதும் வழக்கம்.

ஓடும் காரின் படத்திலும் ஒரு தந்திரம் உண்டு. காரிலேயே நீண்ட கம்பொன்றைப் பொருத்தி, அதன் நுனியிற் கமராவை வைப்பர். பின்னர் காரை நடைவேகத்தில் நகர்த்தி, ஓரிரு விநாடிகள் கமராவின் கண்ணைத் திறந்து வைப்பர். கமராவும் காரும் ஒன்றாகச் செல்வதாற் கார் தெளிவாக விழும். சில்லுகளும் வீதியும் கோடுகளாக இழுபடும். பின்னர் கம்பைக் கணினியில் அழித்துவிட்டால், நடைவேகம் புயல்வேகமாகத் தோன்றும். பெற்றோல் காரில் இயந்திர அதிர்வு படத்தைக் கலக்கும் என்பதால் அதனை நிறுத்திவிட்டுக் கையால் தள்ளுவதுண்டு. மின்சாரக் காரில் அவ்வதிர்வு இல்லை. அதன் அமைதி காண்போர்க்குத் தெரியாவிடினும் படமெடுப்போர்க்கு உதவுகின்றது.

வேறு சில வேறுபாடுகளும் உள. பெற்றோல் காரின் முகம், காற்றை உள்ளே இழுக்கும் முன் வலைத்தட்டியே. மின்சாரக் காருக்கு அவ்வளவு காற்று வேண்டியதில்லையாதலின், பல கார்களில் அவ்விடம் மூடிய வழுவழுப்பான பரப்பாகிவிட்டது. எனவே விளக்குகளே முகமாயின. அவை பெரும்பாலும் எல்.ஈ.டி. விளக்குகள். அவற்றுட் பல கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிவன; கமராவின் கண்ணை மிக விரைவாக மூடினால் விளக்கு அணைந்தது போலவே படத்தில் விழும். பாரமான பற்றரி தளத்தின் கீழ்ப் பரந்து கிடப்பதால் உடல் சற்றே உயர்ந்து நிற்கும். அருகில் நின்று அகல்வில்லையால் எடுத்தால் மூக்குப் பெருத்துத் தோன்றும். தொலைவில் நின்று நீள்வில்லையால் எடுத்தால் அளவு குலையாது.

இவ்வளவு செய்கையும் பொய்யல்லவா என்று ஒருவர் வினவலாம். இங்கேதான் சிந்தனை தேவைப்படுகின்றது. 2016ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த 'த மில்' என்னும் படத்தொழில் நிறுவனம், நீள அகலங்களை மாற்றிக்கொள்ளத்தக்க 'பிளாக்பேர்ட்' என்னும் மின்சார வண்டி ஒன்றை அறிமுகப்படுத்தியது. வீதியில் ஓடுவது அவ்வண்டி; அதன்மேற் கணினியால் வரையப்பட்ட கார் போர்த்தப்படும். விளம்பரத்திற் காணும் கார் அவ்விடத்திற்கு வராமலே இருக்கலாம். ஆயினும், வரையப்பட்ட உருவம் விற்கப்படும் காரின் உருவமாகவே இருப்பின் வாங்குபவர்க்கு நட்டமில்லை.

இதற்கு மாறாக நிகழ்ந்ததும் உண்டு. அமெரிக்கக் கார்க் கண்ணாடியின் தெளிவைக் காட்டுவதற்கென வந்த ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தில், கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு வெறும் சாளரத்தூடே காட்சி எடுக்கப்பட்டிருந்தது. போட்டிக் கண்ணாடியின்மீது வாசலின் பூசப்பட்டிருந்தது. அதனை ஏமாற்று என்று வர்த்தக ஆணைக்குழு விதித்த தடையை, 1965இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

அண்மைக் காலத்து நிகழ்ச்சி இன்னும் பாரதூரமானது. 2018 ஜனவரியில் நிக்கோலா என்னும் அமெரிக்கக் கம்பனி, தனது மின்சார லொறி வீதியில் விரைந்து வருவதைப் படமாக வெளியிட்டது. அந்த லொறி சரிவான வீதியில் உருளவிடப்பட்டதே என்பது 2020 செப்ரெம்பரில் வெளிப்பட்டது. தன் சொந்த வலுவால் அது ஓடவில்லை என்பதைக் கம்பனியும் ஒப்புக்கொண்டது. முதலீட்டாளரைத் தவறாக வழிநடத்தியமை தொடர்பான நடவடிக்கையைத் தீர்க்க, 2021இல் 12 கோடி 50 இலட்சம் டொலர் செலுத்தவும் அது உடன்பட்டது. 2022இல் அதன் நிறுவனரை யூரிமார் குற்றவாளி எனக் கண்டனர். 2025இல் அவருக்கு ஜனாதிபதியின் மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் அதே ஆண்டில் கம்பனி வங்குரோத்து நிலையை அடைந்தது.

இவ்விரு படங்களையும் ஒப்பிடுக. முன்னையதில் கார் இல்லை, பொய்யும் இல்லை. பின்னையதில் லொறி மெய், வீதி மெய், வெயிலும் மெய், ஆயினும் படம் சொன்ன செய்தி பொய். ஒளியைத் திருத்துவதும் தெறிப்பை அழிப்பதும் அழகுக்குச் செய்யும் ஒப்பனை. ஓடாததை ஓடுவதாகவும், செல்லாத தூரத்தைச் செல்வதாகவும் காட்டுவது கள்ளச்சாட்சி. கண்ணாற் காணமுடியாத குணங்களைக் கொண்ட பொருளாதலின், மின்சாரக் காரை வாங்குபவர் படத்தை நம்பியே முதலடி எடுத்து வைக்கின்றார். அந்த நம்பிக்கையைக் காப்பது கமராவின் திறமையன்று. அதன் பின்னே நிற்கும் மனிதரின் நேர்மையே.